எலிப் பாசாணம் தின்ற எலியைத் தின்றது யார்?

மொட்டைமாடி (வெள்ளவத்தை), ஞாயிறு காலை 8.15

எல்லோருக்கும் வணக்கம். பறவைகளைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் தொடர்மாடி கால்வாய்ப் பக்கம். கீழே குப்பை அறை, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் அறை. வெள்ளிக்கிழமை விடியக் காகங்கள் கூட்டமாக நின்று கத்தின. செக்கியூரிட்டி அண்ணை ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் ஜெனரேட்டர் அறைத் தகரத்தில் ஒரு ஆந்தை. வெள்ளை முகம், அப்பிளை நடுவில் வெட்டினது போன்ற வடிவம். ஆள் கிட்டப் போயும் பறக்கவில்லை. செட்டை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு அரைக்கண்ணில் இருந்தது. துவாயால் மூடிப் பிடித்து மட்டைப்பெட்டியில் வைத்தோம். காலில் காகம் கொத்தின ஒரு சின்னக் காயம், ஊசி குத்தின அளவுதான். ஆனால் இரத்தம் நிற்கவே இல்லை. கீழே விரித்த பேப்பர் மத்தியானம் வரை நனைந்துகொண்டே இருந்தது. வாய்க்குள் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிப் போயிருந்தது. பின்னேரம் செத்துவிட்டது.

போன வருடக் கடைசியில் இருந்து எங்கள் மெனேஜ்மென்ட் மூலைக்கு மூலை கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறது. உள்ளே நீலக் கட்டி. எலிக்கு என்று மாதக் கொண்ட்ராக்ட். அந்தக் கொம்பனிக்காரரிடம் போனில் கேட்டேன். "பெட்டி வாய் எலி நுழையும் அளவுதான் சேர், ஆந்தை எப்படி உள்ளே போகும்?" என்று சிரித்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கான் ஓரத்தில் செத்த எலிகள் அடிக்கடி கிடக்கின்றன, மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?


கொள்ளுப்பிட்டிச் சந்தி, ஞாயிறு காலை 8.52

காகம் கொத்தித்தான் செத்திருக்கும். கொழும்புக் காகத்திடம் மாட்டினால் கழுகுக்கே கஷ்டம்.


நாலுகால் டொக்டர் (தெஹிவளை), ஞாயிறு காலை 9.40

தம்பி மொட்டைமாடி, நிற்காத இரத்தம், வெளிறின வாய். ஒரு நாயைக் கொண்டுவந்து யாராவது இந்த இரண்டையும் சொன்னால் நான் முதலில் கேட்பது, "வீட்டில் எலி மருந்து வைத்தீர்களா?" என்றுதான்.

ஆந்தை பெட்டிக்குள் போகத் தேவையில்லை. எலி போய் வந்தால் போதும். இப்படிக் கட்டியாக வருவதில் அநேகமாக இருப்பது இரத்தம் உறையாமல் செய்கிற நஞ்சு. ஈரலில் ஒரு நொதியம், பாவித்து முடிந்த விட்டமின் கே-யைத் திரும்பவும் பாவிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும். நஞ்சு அந்த நொதியத்தைப் பூட்டிவிடும். விட்டமின் கே இல்லாவிட்டால் உறைவுக் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகிய நான்கையும் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது. ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுகிறவை தீரும் வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. ஓடும், தின்னும், மறுநாளும் அதே பெட்டிக்கு வரும். சாவதற்கு மூன்று நாளில் இருந்து ஒரு கிழமை, சிலவேளை அதற்கும் மேலே. கடைசி நாட்களில் சோர்ந்து, பட்டப்பகலில் வெளியே வந்து தள்ளாடும். வேட்டையாடுகிற பறவைக்கு அதைவிட லேசான இரை வேறு என்ன? அந்த எலியின் ஈரலில் இருந்ததெல்லாம் இப்போது ஆந்தையின் ஈரலில்.

அதற்காக இது நஞ்சுதான் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் மோதின ஆந்தை, கரண்ட் கம்பியில் பட்ட ஆந்தை, பட்டம் விடுகிற நூலில் செட்டை அறுந்த ஆந்தை எல்லாம் கொழும்பில் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஈரலை எடுத்து இரசாயனப் பரிசோதனை செய்ய வேண்டும். உடலைப் புதைத்துவிட்டீர்களா? பெட்டியில் உள்ள மருந்தின் பெயரையும் பார்த்துச் சொல்லுங்கள்.


மொட்டைமாடி, ஞாயிறு மாலை 5.30

புதைத்துவிட்டோம் டொக்டர். மருந்து வந்த மட்டைப்பெட்டியை, குப்பை அறை கூட்டுகிற அம்மாவிடம் சொல்லி எடுத்துப் பார்த்தேன். "புரோடிபக்கூம் 0.005%" என்று இருக்கிறது. மீதியெல்லாம் கோதுமை, மெழுகு, நீலச் சாயம். இவ்வளவு குறைந்த அளவில் ஒரு ஆந்தை சாகுமா?


ஓய்வுபெற்ற போதனாசிரியர் (வத்தளை), ஞாயிறு இரவு 7.05

விவசாயத் திணைக்களத்தில் போதனாசிரியராக இருந்தவன் நான். எலியோடு மல்லுக்கட்டித்தான் தலை நரைத்தது. அந்த 0.005-ஐப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் தம்பி.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கட்டியில் 50 மில்லிகிராம் நஞ்சு. கால் கிலோ எடையுள்ள எலிகளில் பாதியைச் சாகடிக்க, எலி ஒன்றுக்கு 0.07 மில்லிகிராம் அளவில் போனால் போதும். அது ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் கட்டியில் இருக்கிறது. அந்த எலி ஒரு இரவில் தின்னக்கூடியது 20 கிராமுக்குக் கிட்ட. முதல் கடியிலேயே விதி முடிந்துவிட்டது, ஆனால் அடுத்த சில இரவுகளும் அது பசியோடு வந்து வயிறு நிறையத் தின்னும். தன்னைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கைச் சுமந்துகொண்டு நடமாடும். டொக்டர் சொன்ன அந்தத் தள்ளாட்டக் காலத்தில் ஆந்தை தூக்குவது இப்படிப்பட்ட எலியைத்தான்.

இந்த மருந்தின் கதையே விசித்திரம். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள், கொம்பு சீவினாலே இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் வாஃபரின். 1948-ல் எலி மருந்தாக வந்தது. பிறகு மனிதருக்கும் மருந்தானது. இன்றைக்கும் இருதயக்காரர் பலர் பாமசியில் வாங்கிப் போடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கிறது.

வாஃபரினுக்கு எலி பல நாள் தொடர்ந்து தின்ன வேண்டும். ஈரலிலும் அவ்வளவு காலம் தங்காது. ஆனால் 1958-ல் ஸ்கொட்லாந்தில் வாஃபரினுக்குச் சாகாத எலிகளைக் கண்டார்கள். அதற்குப் பிறகு கொம்பனிகள் இறக்கினதுதான் இரண்டாம் தலைமுறை: புரோமடியோலோன், டிபெனாக்கூம், புரோடிபக்கூம். ஒரு தரம் தின்றாலே போதும் என்பதுதான் இவற்றின் விளம்பரம். விளம்பரத்தில் வராத பகுதி, ஈரலில் ஒட்டிக்கொண்டால் இவை லேசில் இறங்காது. எலியின் ஈரலில் புரோடிபக்கூம் பாதியாகக் குறையவே 100 நாளுக்கு மேல் எடுக்கும். ஆந்தை இன்றைக்கு ஒன்று, அடுத்த கிழமை ஒன்று என்று தின்றால் எல்லாம் சேரும்.


நாலாம் குறுக்கு (புறக்கோட்டை), ஞாயிறு இரவு 9.48

வாசித்தேன். எல்லாரும் நல்லாய் எழுதுகிறீர்கள். நான் நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். காலையில் கோடவுன் திறந்தால் மூட்டை அடியில் ஓட்டை, தரையில் அரிசி, அதற்கு மேல் எலிப் புழுக்கை. வாங்க வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறான். எலி மூத்திரம் பட்டால் எலிக்காய்ச்சல். 2008-ல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் செத்தார்கள். அதை யாரும் மறக்கவில்லையே? என் கடையில் மூட்டை தூக்குகிற பெடியன் ஒருவனும் அந்தக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினவன்.

ஆந்தை பாவம்தான். அதற்காக அரிசியை எலிக்குப் பங்கு வைக்க முடியாது. நான் மருந்து வைப்பேன்.


அத்திடியாக் கொக்கு (நுகேகொட), திங்கள் காலை 6.20

முதலாளி சொல்வதில் பிழை இல்லை. எலியை விட்டுவிடுங்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

நான் விடியற்காலையில் பைனாகுலரோடு அலைகிற ஆள். கொழும்பில் வேட்டைப் பறவை கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 2018-ல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெல்லன்வில-அத்திடிய, பெத்தகான, தலவத்துகொட என்று நகரத்தைச் சுற்றிச் சதுப்பு நிலம். கருடன் களப்புக்கு மேலேயும் மீன் சந்தைக்கு மேலேயும் சுற்றும். வல்லூறு தோட்டத்து மரத்தில் இருந்து ஓணானையும் குருவியையும் சுண்டெலியையும் அடிக்கும். காது முளைத்த சின்ன ஆந்தை வெள்ளவத்தை ஒழுங்கைகளில்கூட இரவில் கூப்பிடும். மொட்டைமாடி தம்பி சொன்ன வெள்ளை முகம், கூகை. நான்கு வகை, நான்கு விதமான சாப்பாடு. நஞ்சு போகும் வழியும் அப்படியே வேறுபடும்.

கூகைக்குப் பிரதான சாப்பாடே எலிதான், அதுவும் சிறிதென்றால் முழுசாக விழுங்கும். ஈரல், குடல் எதையும் ஒதுக்காது. முடியையும் எலும்பையும் மட்டும் பிறகு உருண்டையாகக் கக்கும். அத்திடியப் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் இப்படிக் கக்கின உருண்டைகளைக் குச்சியால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எலி மண்டையோடுகள், மஞ்சள் முன்பல்லோடு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஆகவே கூகைதான் முதல் பலி. வல்லூறு எலியை அவ்வளவு நம்பியில்லை. ஆனால் பெட்டிக்குள் கரப்பானும் எறும்பும் போகும், அவற்றைப் பல்லி தின்னும். அந்த வழியாகச் சின்ன ஆந்தைக்கும் வல்லூறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும்.

பறவையோடு நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். கால்வாய் ஓரத்தில் செத்த எலியைக் கபரகொய்யா (நீர் உடும்பு) இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்காத கொழும்பு ஆள் உண்டா? நகரத்துச் சதுப்பில் மீன்பிடிப் பூனையும் இருக்கிறது. அதுவும் எலி தின்னும்.


கொட்டாஞ்சேனை அக்கா, திங்கள் காலை 10.05

கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வட்டமிட வேண்டும் என்று கழுத்து நோக அண்ணாந்து நிற்கிறோம். கோவிலுக்குப் பின் கானில் எலி மருந்துப் பக்கெட். இரண்டையும் நாங்கள்தான் செய்கிறோம்.

எங்கள் மாமிக்கு ஆந்தை சத்தம் கேட்டாலே ஆகாது. "துர்ச்சகுனம், கல்லெறி" என்பா. இந்த இழையை வாசித்துக் காட்டினேன். "அப்போ எலி தின்னுமா அது?" என்று யோசிக்கிறா. ஒரு ஆந்தை எத்தனை எலி தின்னும்?


அத்திடியாக் கொக்கு, திங்கள் மாலை 6.40

அக்கா, வளர்ந்த கூகை ஒன்றுக்கு ஒரு இரவில் இரண்டு மூன்று சின்ன எலி தேவை. குஞ்சு இருந்தால் பல மடங்கு கூடும். மாமியிடம் சொல்லுங்கள், சம்பளம் கேட்காத வேலைக்காரன்.


நாலாம் குறுக்கு, திங்கள் இரவு 8.30

கேட்கிறேன் என்று குறை நினைக்கக் கூடாது. எலி மருந்தால் ஆந்தை சாகிறது என்று நிரூபித்தவர் யார்? எல்லாம் ஊகம்தானே? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை தெரியும். நீங்கள் ஆந்தைக்குப் பயந்து கடையைக் கொளுத்தச் சொல்கிறீர்கள் போல.


நாலுகால் டொக்டர், திங்கள் இரவு 10.15

நல்ல கேள்வி முதலாளி. இதற்குப் பதில் 1980-லேயே இருக்கிறது. அமெரிக்க ஆய்வு ஒன்றில் புரோடிபக்கூம் தின்று செத்த எலிகளைக் கூகைகளுக்குக் கொடுத்தார்கள். ஆறில் ஐந்து செத்தன. புரோமடியோலோன் தின்ற எலிகளைக் கொடுத்தபோது ஆறில் ஒன்று. இரண்டும் இரண்டாம் தலைமுறைதான், ஆனால் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

அது கூண்டுக்குள் செய்தது. வெளியே என்ன நிலைமை? மசாசூசெட்ஸில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக வனவிலங்கு மருத்துவமனை, தங்களிடம் வந்த வேட்டைப் பறவைகளின் ஈரலைச் சோதித்தது. 2011-ல் வெளியான முடிவில் 161 பறவைகளில் 86 சதவீதத்துக்கு உள்ளே இந்த நஞ்சு. 2020-ல் வெளியானதில் சோதித்த செவ்வால் பருந்து 43. நாற்பத்து மூன்றிலும் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம். ஈரலில் நஞ்சு இருந்தது என்றால் நஞ்சால்தான் செத்தது என்று பொருளில்லை. நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலைக் கூண்டை 2023 பெப்ரவரியில் யாரோ வெட்டிவிட, ஃபிளாக்கோ என்ற பெரிய கழுகாந்தை வெளியே பறந்து, ஒரு வருடம் நகரத்தில் எலி பிடித்து வாழ்ந்தது. ஊரே அதற்கு இரசிகர். 2024 பெப்ரவரியில் ஒரு கட்டடத்தடியில் விழுந்து கிடந்தது. எல்லோரும் கண்ணாடியில் மோதிவிட்டது என்றார்கள். அறுத்துப் பார்த்தால் உடலில் நான்கு விதமான எலி நஞ்சு, கூடவே புறாவிடம் இருந்து தொற்றின கடுமையான வைரசு. எதைக் குற்றம் சொல்வது? உறையும் சக்தி குறைந்த பறவைக்குச் சின்ன அடியும் பெரிய அடி. வேறொரு ஆந்தைக்குக் காகம் கொத்தின காயம் பத்து நிமிடத்தில் காய்ந்திருக்கும். கொள்ளுப்பிட்டிச் சந்தி சொன்ன காகமும் உண்மையாக இருக்கலாம், நஞ்சும் உண்மையாக இருக்கலாம்.


கொள்ளுப்பிட்டிச் சந்தி, திங்கள் இரவு 10.31

டொக்டர் என்னையும் காப்பாற்றிவிட்டார், நன்றி.


நாலாம் குறுக்கு, செவ்வாய் காலை 7.10

சரி, ஒத்துக்கொள்வோம். அப்போ வேறு மருந்து சொல்லுங்கள். இங்கே புறக்கோட்டை நடைபாதையில் கறுப்புத் தூள் விற்கிறான், உள்ளிப்பூடு மணம். இரவு வைத்தால் காலையில் எலி சாகும். அது ஆந்தைக்குப் பரவாயில்லையா?


ஓய்வுபெற்ற போதனாசிரியர், செவ்வாய் காலை 9.25

உள்ளிப்பூடு மணக்கும் கறுப்புத் தூள் என்றால் சிங்க் பொஸ்பைட்டாக இருக்க வேண்டும். வயிற்று அமிலம் பட்டதும் பொஸ்பீன் வாயு கிளம்பும், அதுதான் கொல்லும். சதையிலும் ஈரலிலும் சேர்ந்து தங்காது, ஆகவே வேட்டைப் பறவைக்கு ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. செரிக்காத இரையோடு எலியை முழுசாக விழுங்கினால் மட்டும் பிரச்சினை.

ஆனால் முதலாளி, அதை வாங்காதீர்கள். விட்டமின் கே கொடுத்து மற்ற நஞ்சை முறிக்கலாம். இதற்கு முறிவு மருந்தே இல்லை. கடைப் பெடியன் கை கழுவாமல் பாண் சாப்பிட்டால் கதை முடிந்தது. எலியும் கெட்டிக்காரன். கொஞ்சம் தின்று வயிறு பிரட்டித் தப்பினால் அந்தப் பக்கமே வராது. அதோடு நடைபாதைப் பொலித்தீன் பக்கெட்டில் உள்ளே என்ன என்று விற்கிறவனுக்கே தெரியாது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி பீடைநாசினி எதையும் பதிவு செய்துதான் விற்கலாம். லேபல் இல்லாததை வைத்து யாருக்காவது ஏதாவது நடந்தால் பொலிசுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.


கொட்டாஞ்சேனை அக்கா, செவ்வாய் காலை 11.50

மருந்து மருந்து என்று அடிபடுகிறீர்கள். பொறி என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, பக்கத்தில் பேக்கரி. எலிக்குக் கலியாண வீடு. நான் அடிக்கிற பொறிதான் வைப்பது. தேங்காய்ச் சொட்டை அடுப்பில் சுட்டு, மணம் வந்ததும் கம்பியில் குத்தி, சுவர் ஓரமாக, வாய்ப்பக்கம் சுவரைப் பார்க்க வைக்க வேண்டும். நடு அறையில் வைத்தால் ஒன்றும் விழாது, எலி சுவரோடு ஒட்டித்தான் ஓடும். முதல் இரண்டு இரவு பொறியை இழுத்துக் கட்டாமல் சும்மா தேங்காய் மட்டும் வைப்பேன். பயம் போய் வந்து தின்னும். மூன்றாம் இரவு இழுத்து வைத்தால் சட்டென்று அகப்படும். கருவாடும் நல்லது, ஆனால் பூனை வந்துவிடும்.

ஒட்டுப் பலகை மட்டும் வாங்க வேண்டாம். ஒரு தரம் வைத்தேன், பல்லியும் ஒரு புலுனிக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு துடித்தன. தேங்காய் எண்ணெய் பூசிப் பூசிக் கழற்றினோம்.


அத்திடியாக் கொக்கு, செவ்வாய் மாலை 6.05

அக்காவின் பொறிக்கு என் வாக்கு. பொறியில் அகப்பட்ட எலியை ஆந்தை தின்றாலும் ஒன்றும் ஆகாது.

கூகைக்குக் கூட்டுப்பெட்டி வைக்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். பொதுவில் சொல்கிறேன். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகையை எலிக்காகவே வளர்க்கிறார்கள். இஸ்ரேலில் 1980களில் ஒரு கிபுட்சில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) தொடங்கியது, பிறகு யோர்தான், பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்தார்கள். ஆள் ஆளோடு பேசாத இடத்தில் ஆந்தைக்காகக் கூட்டம் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் மலேசியாவிலேயே, 1980களில், புரோடிபக்கூம் போட்ட தோட்டத்தில் கூகைகள் குறைந்துபோனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கையால் பெட்டி, மறு கையால் நஞ்சு என்றால் பெட்டி பொறியாகிவிடும். சுற்றிவர நீலக் கட்டி இருக்கும் தொடர்மாடியில் தயவுசெய்து கூகையை அழைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எங்கள் பறவை ஆட்களுக்கே பிடிக்காது. நஞ்சு எல்லா இடத்திலும் வில்லன் இல்லை. அலாஸ்காவில் 'எலித் தீவு' என்றே பெயர் பெற்ற ஒரு தீவில் கடற்பறவைகளின் கூடுகளை எலி அழித்துக்கொண்டிருந்தது. 2008-ல் புரோடிபக்கூம் தூவி எலியை அடியோடு ஒழித்தார்கள். பறவைகள் திரும்பி வந்தன, தீவுக்கு ஹவாடாக்ஸ் என்ற பழைய பெயரையே திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஒரு தடவையில் 46 வெண்தலைக் கழுகுகளும் 300-க்கு மேற்பட்ட கடற்காகங்களும் செத்தன. அது ஒரே தடவை, எலி திரும்பி வர முடியாத தீவு. கொழும்பில் இன்றைக்கு நூறு எலி செத்தால் கானில் இருந்து நாளைக்கு வேறு நூறு வரும். ஆகவே பெட்டி வருடம் முழுக்க நிரம்பியே இருக்கும். என் கோபம் மருந்தின் மேல் இல்லை, முடிவே இல்லாத இந்த மாதக் கொண்ட்ராக்ட் மேல்தான்.


மொட்டைமாடி, புதன் இரவு 9.00

சனிக்கிழமை எங்கள் தொடர்மாடிக் கூட்டம். இதைக் கதைக்கப் போகிறேன். "மருந்தே வேண்டாம்" என்றால் மூன்றாம் மாடி அன்ரி என்னைத் தின்றுவிடுவா. எதைக் கேட்டால் நடக்கும்?


ஓய்வுபெற்ற போதனாசிரியர், புதன் இரவு 9.50

மருந்தைப் பற்றித் தொடங்காதீர்கள், குப்பை அறையில் தொடங்குங்கள். எலி அங்கே வருவது உங்கள் கட்டியைத் தேடி இல்லை, சோற்றைத் தேடி. கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் எலி நுழையும். தகரம் அடியுங்கள், கான் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள், வாளிக்கு மூடி போடுங்கள். இது முடியாமல் பெட்டி வைப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை.

பிறகு கொம்பனிக்காரரிடம் கேளுங்கள்: போன மாதம் எந்தப் பெட்டியில் எவ்வளவு கட்டி குறைந்தது? எழுதி வைத்திருக்க வேண்டும். குறையாத பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். எலி இருக்கும் இடத்தில் சில கிழமை வைத்து, அடங்கினதும் எடுத்துவிட வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைப்பதுதான் ஆந்தைக்கு எமன். கட்டாயம் வைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் வாஃபரின் போன்ற முதலாம் தலைமுறை மருந்து. அது பலிக்காவிட்டால்தான் அடுத்தது, அதுவும் கட்டடத்துக்கு உள்ளே மட்டும்.


நாலுகால் டொக்டர், புதன் இரவு 10.40

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: செத்த எலி பொறுக்குவது யார் வேலை என்று கொண்ட்ராக்டில் எழுதுங்கள். மருந்து வைத்த நாளில் இருந்து இரண்டு கிழமையாவது தினமும் காலையில் ஒருவர் கான், தோட்டம், ஜெனரேட்டர் அறை சுற்றிப் பார்க்க வேண்டும். கையுறை போட்டு, இரட்டைப் பொலித்தீனில் கட்டி, மூடின வாளியில் போட வேண்டும். வாலில் பிடித்து வீதியில் எறிகிற நம் ஊர்ப் பழக்கம் காகத்துக்கும் பருந்துக்கும் பரிமாறுவது போலத்தான்.

அடுத்த முறை சோர்ந்த ஆந்தையைக் கண்டால்: காற்றோட்டமான மட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. தண்ணீர் ஊட்டாதீர்கள், இறைச்சி திணிக்காதீர்கள், போட்டோவுக்குக் கையில் வைத்துச் சுற்றாதீர்கள். அதன் உடம்பில் எங்கே அமுக்கினாலும் உள்ளே இரத்தம் கசியலாம். உடனே 1992-க்கு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, அழையுங்கள். நேரத்துக்குக் கிடைத்தால் விட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும், ஆனால் பல கிழமை தொடர வேண்டும், நஞ்சு அவ்வளவு காலம் உள்ளே இருக்கும். செத்துவிட்டால் புதைக்க முதல் திணைக்களத்தைக் கேளுங்கள். ஈரல் இருந்தால்தான் சோதிக்கலாம், அதுவரை உடல் குளிரில் இருக்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை அக்கா, வியாழன் காலை 6.55

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் செத்த ஆந்தையை வைத்தால் மாமி என்னையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவா.


நாலாம் குறுக்கு, வியாழன் இரவு 9.15

போதனாசிரியர் ஐயா, கோடவுனுக்கு உள்ளே வைக்கிற மருந்தை நான் நிறுத்த மாட்டேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் தெருப் பக்கம் கான் ஓரம் நானும் பக்கத்துக் கடைக்காரரும் கொட்டுகிறது உண்மையில் ஒரு பிரயோசனமும் இல்லை, எலி குறைந்ததாக நான் காணவில்லை. அதை விட்டுப் பார்க்கலாம். மூட்டையைச் சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளிப் பலகை மேல் அடுக்கினால் எலிப் பாதை தெரியும் என்று ஒரு பழைய கணக்கப்பிள்ளை சொல்வார். இடம்தான் இல்லை.


மொட்டைமாடி, ஞாயிறு காலை 10.20

கூட்டம் முடிந்தது. முழுவதும் கிடைக்கவில்லை. கொம்பனிக்காரர் வந்திருந்தார். எந்தப் பெட்டியில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டதும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பதிவே இல்லை. கார் தரிப்பிடத்துப் பெட்டிகளையும் கால்வாய்ப் பக்கத்துப் பெட்டிகளையும் எடுக்கச் சம்மதம். குப்பை அறைப் பெட்டிகள் கொண்ட்ராக்ட் முடியும் வரை இருக்கும், மருந்தை மாற்ற மாட்டார்களாம். மூன்றாம் மாடி அன்ரிதான் ஆச்சரியம். ஆந்தை கதையை அவ காதில் வாங்கவே இல்லை. குப்பை அறைக் கதவு ஓட்டை என்றதும் எழும்பி நின்று சத்தம் போட்டு, இந்த மாதப் பராமரிப்புக் காசிலேயே செய்ய வைத்துவிட்டா. செக்கியூரிட்டி அண்ணை காலையில் செத்த எலி பார்க்கச் சம்மதித்தார், கையுறை வாங்கிக் கொடுத்தால்.

இப்போது வேலை என் தலையில். கான் வாய்க்குப் போடக் கம்பிவலை எங்கே வாங்கலாம், எந்த அளவு?


ஓய்வுபெற்ற போதனாசிரியர், ஞாயிறு காலை 11.00

கால் அங்குலக் கண், நாகம் பூசினது. அதைவிடப் பெரிய கண் என்றால் சுண்டெலி நுழையும். பிளாஸ்டிக் வலை வாங்காதீர்கள், ஒரே இரவில் கடித்துவிடும். கான் வாய்க்குப் போடுவதைக் கழற்றிக் கழுவக்கூடிய மாதிரிச் சட்டத்தில் அடியுங்கள், மழைக்கு அடைத்தால் அன்ரி திரும்பவும் எழும்புவா.


நாலாம் குறுக்கு, ஞாயிறு மத்தியானம் 12.40

பழைய சோனகத் தெருவுக்கு வாருங்கள் தம்பி, வரிசையாக ஹாட்வெயார் கடை. இரண்டு கடை விசாரித்துவிட்டு வாங்குங்கள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அங்கே பழைய பாக்கி இருக்கிறது.